கேள்வி ஞானம் மட்டும் போதுமா?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பார்வையற்ற பிள்ளை ஒன்று நன்றாகப் பாடிவிட்டால் கேட்டவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். "கண்ணை வாங்கிக்கொண்ட கடவுள் காதில் கொட்டிக் கொடுத்துவிட்டான்" என்கிறார்கள். அன்பில்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பு வகுப்பறைக்குள் நுழைந்ததும் வேறு வேலை செய்கிறது. காதுதான் இருக்கிறதே, இந்தப் பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு, சுரம் எழுதத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கீதத்தை நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. இந்தப் பிள்ளை நினைவில் ஒட்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. பார்வையற்ற மாணவருக்கு இசையைப் படிக்கவும் எழுதவும் கற்பிப்பது நம் கடமை. அதைச் செய்யாமல் அவருடைய காதைப் புகழ்வதில் பயனில்லை. இன்று இந்த ஒரு கருத்தைத்தான் உங்கள்முன் வைக்கப்போகிறேன்.

முதலில் பாரிசுக்குப் போவோம். 1829இல் அங்கே ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் லூயி பிரெயில். அப்போது அவருக்கு வயது இருபது. மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் கூர்மையான கருவி கண்ணில் பட்டுப் பார்வையை இழந்தவர். வாலாந்தின் அயுயி தொடங்கிய பார்வையற்ற இளைஞர் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியரானவர். உலகம் முழுவதும் இன்று பார்வையற்றோர் எழுத்து என்று நாம் அறிந்திருக்கும் ஆறு புள்ளி முறையை அறிவித்த நூல் அதுதான். அதன் தலைப்பிலேயே சொற்களுக்குப் பக்கத்தில் இசையும் தேவாலயப் பாட்டும் இருந்தன. எழுத்து வந்து நெடுங்காலம் கழித்து யாரோ இசைக்கும் ஒரு குறியைச் சேர்த்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். உண்மை அதுவல்ல. பிரெயில் பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர். தனக்கு வேண்டியதையும் சேர்த்தே அவர் கண்டுபிடித்தார்.

அந்த முறையின் அழகைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டு நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளி. இடது பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலது பக்கம் 4, 5, 6. விரல் நுனி நகராமலே முழுக் கட்டத்தையும் மூடிவிடும். மேலே இருக்கும் நான்கு புள்ளிகள், அதாவது 1, 2, 4, 5, எந்தச் சுரம் என்று சொல்லும். கீழே இருக்கும் 3, 6 இரண்டும் அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று சொல்லும். மேற்கத்திய இசையின் 'டோ' சுரத்துக்கு 1, 4, 5. கீழே ஒன்றுமில்லையென்றால் அது அரைக்கால் நோட்டு. 6 சேர்ந்தால் கால் நோட்டு. 3 சேர்ந்தால் அரை நோட்டு. இரண்டும் சேர்ந்தால் முழு நோட்டு. ஒரே கட்டத்தில் சுருதியும் காலமும் வந்துவிட்டன. ஐந்து கோடுகளுக்கு வேலையே இல்லை. முழு நோட்டுக்கும் பதினாறில் ஒரு பங்கு நோட்டுக்கும் ஒரே குறிதான். ஆனால் அந்த அளவுக்கூறுக்குள் எத்தனை அடி அடங்க வேண்டும் என்று கூட்டிப்பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி என்பதற்குச் சுரத்தின் முன்னால் தனிக்குறி. பக்கத்துச் சுரத்துக்கு நகரும்போது அந்தக் குறியை விட்டுவிடலாம். பெரிய தாவலாக இருந்தால் எழுதியே ஆக வேண்டும். படிக்கிற விரலுக்கு எங்கே குழப்பம் வரும் என்று அறிந்தவர்கள் வகுத்த விதி இது.

பார்வையுள்ளவர்கள் தங்கள் எழுத்தையே புடைப்பாக்கி விரலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அயுயியின் பள்ளியிலும் அதுதான் நடந்தது. பிரெயில் முறையைப் பார்வையுள்ள ஆசிரியர்களால் படிக்க முடியாது என்பதாலேயே அந்தப் பள்ளி நிர்வாகம் ஒரு கட்டத்தில் அதைத் தடைசெய்தது. மாணவர்கள் மறைவாகப் பயன்படுத்தினார்கள். பிரெயில் 1852இல் இறந்தார். பிரான்சில் அதிகாரபூர்வ ஏற்பு 1854இல்தான் வந்தது. ஆசிரியருக்கு வசதியாக இல்லையென்பதற்காக மாணவரின் எழுத்தை மறுப்பது அன்றோடு முடிந்துவிடவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். குளோத் மோந்தால் என்ற மாணவர் பழைய பியானோ ஒன்றைப் பிரித்துப் பார்த்துத் தானே சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டு, 1836இல் அதைப் பற்றி நூலே எழுதினார். பியானோ சுருதி சேர்ப்பது ஐரோப்பாவில் பார்வையற்றோரின் மதிப்பான தொழிலாக அதன்பின் வளர்ந்தது. பிறவியிலேயே பார்வை ஏறக்குறைய இல்லாத லூயி வியேர்ன் 1900 முதல் 1937 வரை நோத்ர் தாம் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர். கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே வாத்தியத்தின் முன் உயிர் பிரிந்தது. ஆந்திரே மார்ஷால், ழான் லாங்லே, காஸ்தோன் லித்தேஸ் எல்லோரும் அதே பள்ளியில் படித்தவர்கள்தான். ஆர்கன் பாட்டில் வலக்கைக்கு ஒரு வரி, இடக்கைக்கு ஒரு வரி, கால் மிதிகளுக்கு ஒரு வரி. பிரெயிலில் ஒவ்வொன்றையும் தனித்தனியே விரலால் படித்து, மனப்பாடம் செய்து, பிறகு மனத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். உழைப்பு கடுமையானதுதான். ஆனால் யார் வீட்டுக் கதவையும் தட்டாமல் தன் அறையில் தனியே உட்கார்ந்து செய்யக்கூடிய உழைப்பு.

ஜெர்மனியின் ஹெல்முட் வால்ஹா வேறு வழியில் போனார். இளவயதில் பார்வை போனவர். பாஹின் இசையில் ஒவ்வொரு குரலையும் யாராவது தனித்தனியே வாசித்துக் காட்டுவார்கள். அவர் கேட்டு மனத்தில் நிறுத்திப் பின்னிக்கொள்வார். அவரும் மாமேதைதான். ஆனால் அவருக்கு வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இருந்தது. கேள்வி ஞானத்துக்கு எப்போதும் இன்னொரு மனிதர் வேண்டும். பணமும் உறவும் நேரமும் உள்ளவருக்கு அது கிடைக்கும். மற்றவருக்கு?

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வருவோம். கும்பகோணம் சரப சாஸ்திரி 1872இல் பிறந்து 1904இல் மறைந்தவர். பார்வையற்றவர். புல்லாங்குழலைக் கர்நாடகக் கச்சேரியின் தனி வாத்தியமாக நிலைநிறுத்தியவர்களில் முதல்வர். பல்லடம் சஞ்சீவ ராவ் அவருடைய மாணவர். துவாரம் வெங்கடசாமி நாயுடு பார்வைக் குறையோடு வாழ்ந்தவர். அவருடைய வில்லின் நாதத்தைக் கேட்டவர்கள் அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். வயலின் மேதை எம். சந்திரசேகரன் குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தார். அவருக்கு ஆசிரியர் அவருடைய அம்மா சாருபாலா மோகன். கர்நாடகத்தின் கதக் நகரில் பஞ்சாட்சரி கவாயி, அவருக்குப்பின் புட்டராஜ கவாயி என்று பார்வையற்ற இரண்டு ஆசான்கள் வீரேஸ்வர புண்ணியாசிரமத்தில் தலைமுறை தலைமுறையாகப் பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சோறு போட்டு இசை கற்பித்தார்கள். இந்த வரலாற்றுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஓர் அம்மா நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்தார், அல்லது குருவோடு ஒரே கூரையின்கீழ் பிள்ளை வளர்ந்தது. இன்று மாவட்ட இசைப்பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் வந்துபோகும் மாணவிக்கு இந்த இரண்டும் இல்லை. அவளுக்குக் கிடைப்பது வகுப்பு நேரம் மட்டும். ஆசிரியர் போன பிறகும் கூட இருப்பது புத்தகம்தான். அதை நாம் அவளுக்குக் கொடுக்கவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். பெரியவர்கள் மரியாதையோடுதான் கேட்பார்கள்: "நம்ம சங்கீதத்துல சுரக்குறிப்பு வெறும் எலும்புதானே? கமகத்தை எழுத முடியுமா? குரு பாடிக் கேட்டுத்தானே வரணும்?" உண்மைதான். 1904இல் சுப்பராம தீட்சிதர் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் கமகத்துக்கே தனிக் குறிகள் வகுத்து எட்டயபுரத்திலிருந்து வெளியிட்டார். அதை வைத்துக்கொண்டும் குரு இல்லாமல் யாரும் பாடகராகிவிட முடியாது. ஆனால் எலும்புதான் என்பதற்காகப் பார்வையுள்ள மாணவரிடமிருந்து யாராவது புத்தகத்தைப் பிடுங்கியதுண்டா? அவருக்குக் குருவும் வேண்டும், புத்தகமும் வேண்டும் என்கிறோம். பார்வையற்றவருக்கு மட்டும் குரு போதும் என்கிறோம். இந்த இரண்டு நியாயத்தை என்னால் ஏற்க முடியாது.

தமிழ் பிரெயில் தெரிந்த பிள்ளை சரளி வரிசையை இன்றே எழுதிவிடலாம். ஸ ஒரு கட்டம். ரி இரண்டு கட்டம், ஏனென்றால் பிரெயிலில் ர எழுதி அதன்பின் இ எழுத வேண்டும். கார்வைக்கு நம் புத்தகங்கள் போடும் காற்புள்ளி, அரைப்புள்ளி இரண்டுக்கும் பிரெயிலில் குறி உண்டு. சிக்கல் வேறிடத்தில் வருகிறது. அச்சில் தார ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் ஒரு புள்ளி, மந்திர ஸ்தாயிக்குக் கீழே ஒரு புள்ளி, இரண்டாம் காலத்துக்கு மேலே ஒரு கோடு. பிரெயிலில் தலையும் இல்லை, காலும் இல்லை. எல்லாம் ஒரே வரியில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். ஆகவே ஸ்தாயிக் குறியும் காலக் குறியும் சுரத்துக்கு முன்னால் வர வேண்டும். எது எந்தக் குறி என்று எல்லாப் பள்ளிகளும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். மேற்கத்திய இசைக்கு 1888இல் கொலோன் நகரில் பல நாட்டவர் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிறகு 1929இலும் 1954இலும் பாரிசில் கூடித் திருத்தினார்கள். அதனால்தான் ஒரு நாட்டில் புடைப்பாக்கிய பியானோ நூலை இன்னொரு நாட்டுப் பிள்ளை படிக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பார்வையற்றோருக்கான இசைப் பிரிவு வேண்டுமென்று 1962இல் சட்டமே போட்டார்கள். நமக்கும் பொதுவான குறிமுறை அமைந்தால் பாளையங்கோட்டையில் எழுதிய வர்ணத்தைப் பூந்தமல்லியில் படிக்கலாம். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கியது 1890இல். அவ்வளவு நீண்ட மரபுள்ள மண் இது.

தாளத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காது கூர்மையான பிள்ளை தடுமாறும் இடமும் இதுதான். ஆதி தாளம் எட்டு அட்சரம். லகுவில் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு இரண்டு திருதம், ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டில் ஓசை கேட்பவை மூன்றே மூன்று: ஒன்று, ஐந்து, ஏழு. மற்ற ஐந்தும் மௌனம். பார்வையுள்ள பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் தொடையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். பார்வையற்ற பிள்ளைக்கு அறை முழுவதும் ஒரு தட்டு, நீண்ட இடைவெளி, பின் அடுத்தடுத்து இரண்டு தட்டு என்று சீரில்லாமல் கேட்கிறது. விரல் எண்ணுகிறோம், கையைத் திருப்புகிறோம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஆசிரியர் தாளம் போடும்போது தன் கையின்மேல் பிள்ளையின் கையை வைத்துக்கொள்ளச் சொன்னால் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆசிரியர் கை கீழே, மாணவர் கை மேலே. மாணவரின் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டுவது வேறு விஷயம். அதில் பிள்ளை பொம்மையாகிவிடுகிறது. கையை மேலே வைத்திருக்கும் பிள்ளை வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம், விரல் எங்கே மடங்குகிறது என்று தானே தேடித் தெரிந்துகொள்ளலாம். வயலினில் வில் பிடிப்பதற்கும் வீணையில் மீட்டும் விரலுக்கும் இதே வழிதான். தொடுவதற்கு முன் கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

மேடையிலும் மௌனமான தகவல்கள் உண்டு. பாடகர் தனி ஆவர்த்தனத்துக்கு மிருதங்கக்காரரை ஒரு பார்வை பார்க்கிறார், கோர்வையை முடிக்கப் புருவத்தை உயர்த்துகிறார். பார்வையற்ற பக்கவாத்தியக்காரருக்கு இதெல்லாம் போய்ச் சேராது. ஒரு சொல், ஒரு சுரத்தை மீண்டும் ஒருமுறை பாடுவது, கச்சேரிக்கு முன்பே பேசிவைத்த ஓர் ஏற்பாடு, ஏதாவது போதும். இதைச் செய்யாத பாடகர்கள் அந்தக் கலைஞரின் திறமையைக் குறை சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது கணினிக்கு வருகிறேன். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் நம் மாணவர்கள் பலரின் துணை. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கினார், ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவரும் சிறுவர்களாக முதலில் சந்தித்துக்கொண்டது பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில். இசை கற்க வந்த இடத்தில் தொடங்கிய நட்பு உலகத்துக்கே ஒரு மென்பொருளைக் கொடுத்தது. மியூஸ்ஸ்கோர் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் மேற்கத்திய நோட்டேஷனை எழுதினால் அதை பிரெயிலாக மாற்றிக்கொள்ளலாம். கீபோர்டும் கிடாரும் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம்.

கர்நாடக இசைப் புத்தகங்கள்தான் பின்தங்கிவிட்டன. காரணம் எளிது. பெரும்பாலும் நம்மிடம் இருப்பவை ஸ்கேன் செய்த படங்கள். படத்தைத் திரைவாசிப்பான் படிக்காது. தட்டச்சு செய்தவையும் பல பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. பாமினி எழுத்துருவில் அம்மா என்று அடித்த கோப்பைத் திரைவாசிப்பான் எழுத்தெழுத்தாகப் படித்தால் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று வரும். ஒரு கீதத்தை இப்படிக் கேட்டுப்பாருங்கள்! யூனிகோடில் அடித்திருந்தாலும், ஸ்தாயிப் புள்ளியைப் படம்போல வரைந்து ஒட்டியிருந்தால் மேல் ஸட்ஜமும் கீழ் ஸட்ஜமும் ஒன்றாகவே ஒலிக்கும். இணையத்தில் இசைப் பாடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கேயும் ஆசிரியர் "இங்க பாருங்க, விரலை இப்படி வைங்க" என்கிறார். எந்த விரல், எந்தத் தந்தி, எந்த மெட்டு என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் பார்வையுள்ளவருக்கும் தெளிவாகும்.

தேர்வு அறையில் நிலைமை இன்னும் மோசம். சொல்வதை எழுதுபவராக அனுப்பப்படுபவருக்கு இசை தெரியாது. மாணவர் "தார ஸட்ஜம், ஒரு கார்வை, இரண்டாம் காலம்" என்கிறார். எழுதுபவர் எதை எங்கே போடுவதென்று தெரியாமல் திகைக்கிறார். விடை தெரிந்த மாணவர் மதிப்பெண் இழக்கிறார். மாணவரே பிரெயிலிலோ கணினியிலோ சுரம் எழுதி, அதைப் படிக்கத் தெரிந்தவர் திருத்தினால் இந்த அவலம் இல்லை. ஓரளவு பார்வை உள்ள மாணவர்களையும் மறந்துவிடக் கூடாது. பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிக் கொடுத்தால் தாள்தான் பெரிதாகும், நெருக்கம் அப்படியே இருக்கும். பெரிய எழுத்தில், வரிக்கு ஓர் ஆவர்த்தனமாக, இடைவெளி விட்டுப் புதிதாக அடித்துக் கொடுக்க வேண்டும்.

சட்டம் நமக்குத் தடையாக இல்லை. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை ஆக்க அனுமதிக்கிறது. 2013இல் மராகேஷில் கையெழுத்தான உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. எழுத்து நூல்களோடு இசைக் குறிப்புகளும் அந்த உடன்படிக்கையில் அடங்கும். உட்கார்ந்து தட்டச்சு செய்யவும் பிழை திருத்தவும் ஆட்கள்தான் வேண்டும்.

ஆகவே இந்த அறக்கட்டளையிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு என்னைப் போல் ஒருவரை அழைத்துப் பேசவைப்பதற்கு ஆகும் செலவை ஒருமுறை வேறு பணிக்குக் கொடுங்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், பிள்ளையார் கீதங்கள் வரை ஒரே நூலாக, யூனிகோடில் அடித்து, ஸ்தாயியும் காலமும் வரிக்குள்ளேயே வரும்படி குறியிட்டு, பிரெயிலிலும் பெரிய எழுத்திலும் கோப்பாகவும் வெளியிடலாம். பிழை திருத்துபவர்கள் பிரெயில் படிக்கத் தெரிந்த இசைக்கலைஞர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கு முறையான ஊதியம் கொடுக்க வேண்டும், சேவை என்று சொல்லி வாங்கிக்கொள்ளக் கூடாது. மாவட்ட இசைப்பள்ளி ஆசிரியர்களை ஒருநாள் கூட்டி, ஆறு புள்ளிகளையும் ஏழு சுரங்களையும் கண்ணால் பார்த்தாவது படிக்கும் அளவுக்குப் பழக்கலாம். குறிகளின் முதல் வரைவை நான் எழுதித் தருகிறேன். அதை ஏற்கவும் மாற்றவும் தள்ளவும் உள்ள அதிகாரம் அதை விரலால் படிக்கப்போகிறவர்களிடம் இருக்கட்டும். அந்தக் குழுவுக்குத் தலைவராகவும் அவர்களில் ஒருவரையே போடுங்கள்.